ரியோ இலையில் பிளாஸ்மா சிதைவு: செய்முறையும் தவறும் இடங்களும்

செல்லைச் சுற்றியுள்ள பிளாஸ்மா சவ்வு தண்ணீரை விடும், நிறமியை விடாது. உப்புக்கரைசலில் செல் தண்ணீரை இழந்து, சவ்வு சுவரைவிட்டு விலகிச் சுருங்குவதுதான் பிளாஸ்மா சிதைவு. இதைக் கண்ணால் பார்க்க ரியோ என்ற அலங்காரச் செடியின் இலைபோலத் தோதான பொருள் வேறில்லை. அடிப்புறத் தோலின் ஊதா நிறம் வாக்குவோலுக்குள் (செல்லுக்குள் சாறு நிறைந்த பை) கரைந்திருக்கும் அந்தோசயனின் என்ற நிறமி. தனியாகச் சாயம் ஏற்றத் தேவையில்லை.

5 கிராம் உப்பைக் கரைத்து 100 மி.லி. ஆக்கிக்கொள்ளுங்கள். இலையின் ஊதாப் பக்கத்தை மேலே வைத்துச் சாய்வாகச் சட்டென்று கிழித்தால், ஓரத்தில் மெல்லிய தோல் நீட்டிக்கொண்டு நிற்கும். அதில் 5 மி.மீ. துண்டு போதும். பச்சைச் சதை ஒட்டியிருந்தால் அந்தத் துண்டு வேண்டாம், ஒளி புகாது. ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீரில் பரப்பி, மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் சிலிப்பை ஊசியில் தாங்கிச் சாய்வாக இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக்குமிழி மாட்டும்.

முதலில் தண்ணீரிலேயே நுண்ணோக்கியில் பாருங்கள். ஊதா நிறம் சுவர்வரை நிரம்பியிருக்கும் செல்கள்தான் உயிருள்ளவை. கிழிபட்ட ஓரத்தில் நிறமற்றுக் கிடப்பவை செத்தவை. அவற்றை நம்பி முடிவெழுதக் கூடாது. ஸ்டோமாவின் (இலைத்துளையின்) காப்புச் செல்களில் இந்த ஊதா இராது, அவற்றையும் விட்டுவிடுங்கள்.

இனி கவர் சிலிப்பின் ஒரு விளிம்பில் உப்புக்கரைசல் ஒரு சொட்டு; எதிர் விளிம்பில் ஒற்றுத்தாளை வைத்து உறிஞ்சுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை. சில நிமிடங்களில் ஊதா முதலில் மூலைகளில் சுவரைவிட்டு விலகும், பிறகு உருண்டையாகச் சுருங்கும். தண்ணீர் வெளியேறியும் நிறமி உள்ளேயே நின்றுவிடுவதால் நிறம் அடர்ந்து தெரியும்.

சுவருக்கும் சவ்வுக்கும் இடையே இருப்பது என்ன? பலர் காற்று என்று எழுதுகிறார்கள். உப்புக்கரைசல்தான்: செல்சுவர் அதைத் தடுக்காது, தடுப்பது சவ்வு.

இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அதே முறையில் தண்ணீரை விட்டு உப்பைக் கழுவுங்கள். ஊதா மீண்டும் விரிந்து சுவரைத் தொட்டால் சவ்வு கெடவில்லை. விரியாமல் நிறம் வெளியே கசிந்தால் சவ்வு பழுதாகிவிட்டது. உப்பில் அதிக நேரம் ஊறினாலோ கரைசல் கடுமையாக இருந்தாலோ இது நடக்கும். புதிய தோலில் 3 சதவீதக் கரைசலுடன் திரும்பச் செய்யுங்கள்.

செல்சாற்றின் அடர்வையே அளக்க வேண்டுமானால் சுக்ரோஸ் எடுங்கள். 100 மி.லி.க்கு 3.42 கிராம் என்றால் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்); அப்படியே 0.1 ஆக ஏற்றி ஒரு வரிசை தயாரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு தோலை 20 நிமிடம் ஊறவிட்டு எண்ணுங்கள். ஏறத்தாழப் பாதிச் செல்களில் சுருக்கம் தொடங்கும் கரைசல்தான் செல்சாற்றுக்கு நிகரானது.