மென்ஸ் ஷெட்டுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

மகனோடு இருக்க மெல்பர்ன் வந்த முதல் குளிர்காலம் முழுக்க ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது செவ்வாயும் வியாழனும் ஷெட்டில் இருக்கிறேன். நீங்களும் அப்படி உட்கார்ந்திருப்பவர் என்றால் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

மென்ஸ் ஷெட் என்பது ஆண்கள் கூடி வேலை செய்து பழக, தொண்டர்களே நடத்தும் பொதுப் பட்டறை. அந்தப் பெயரில் முதல் ஷெட் 1998-ல் விக்டோரியா மாநிலத்து டொங்காலாவில் திறந்தது. இன்று ஆஸ்திரேலியா முழுக்க ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. 2007-ல் தொடங்கிய தேசிய மென்ஸ் ஷெட் சங்கத்தின் இணையதளத்தில் தேடினால் பக்கத்து ஷெட் கிடைக்கும்.

முதல் நாள் காலைத் தேநீர் நேரத்தில் போங்கள். இயந்திரங்கள் நின்றிருக்கும், எல்லோரும் ஒரே மேசையில் இருப்பார்கள். தச்சு வேலை தெரியாதே என்று தயங்க வேண்டாம். நான் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவன், உளி பிடித்ததில்லை. பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று வாரம் அதுதான் என் வேலை. எதிர்முனையில் ரம்பம் பிடித்திருந்த இத்தாலியக்காரர் நாலாவது வாரம், பலகையைப் பார்த்தபடியே, தன் மனைவி இறந்ததைச் சொன்னார். நானும் என் வீட்டுக்காரி போனதைச் சொன்னேன். என் உடைந்த ஆங்கிலம் அதற்குப் போதுமானதாக இருந்தது.

வேட்டி, தொளதொள ஜிப்பா, செருப்பு வேண்டாம். மூடிய ஷூ, கண்களைக் காக்கும் கண்ணாடி கட்டாயம். துளைக்கும் இயந்திரம், கடைசல் இயந்திரம் முன்னால் கையுறை போடாதீர்கள். பாதுகாப்பு என்றுதான் தோன்றும். ஆனால் சுழலும் பாகம் துணியைக் கவ்வினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். சொல்லிக்கொடுக்காத இயந்திரத்தைத் தொடவே வேண்டாம்.

பழைய பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) கட்டைகள் நிறைய வரும். முத்திரையைப் பாருங்கள். HT என்றிருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுக்கலாம். MB என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது, ஒதுக்கிவிடுங்கள்.

முதல் வேலையாகக் கிளிக்கூட்டுப் பெட்டி கேளுங்கள், வெளியில் பறக்கும் கிளிகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க மரத்தில் மாட்டும் பெட்டி அது. சின்ன வேலை, ஆனால் யோசிக்க நிறைய இருக்கிறது. உள்பக்கத்தை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிவிடாதீர்கள், குஞ்சு ஏறி வெளியே வர சொரசொரப்பு வேண்டும். உள்ளே பெயிண்டும் கூடாது. தண்ணீர் வடிய அடிப்பலகையில் நாலு துளை போடுங்கள். மூடியை முன்பக்கம் சற்று நீட்டிவிட்டால் மழை உள்ளே அடிக்காது. அடியில் இழைப்புச் சுருளைப் பரப்புங்கள். நான் செய்த முதல் பெட்டியில் துளை போட மறந்துவிட்டேன். இத்தாலியக்காரர் ஒன்றும் சொல்லாமல் துளைக்கருவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

மகனோ மகளோ காரில் கொண்டுவிடட்டும். வாசலோடு திரும்பிப் போகச் சொல்லுங்கள். பிள்ளைகள் கூட நின்றால் எல்லோரும் அவர்களிடம்தான் பேசுவார்கள்.