ரெயில்ஸ் ரூட் ஹெல்பர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையச் செயலிகளை உருவாக்க உதவும் ரூபி ஆன் ரெயில்ஸில், பக்கங்களின் முகவரியைத் தரும் 'போஸ்ட்_பாத்', 'எடிட்_போஸ்ட்_பாத்' போன்ற ஹெல்பர்களுக்கான (உதவிச் செயற்கூறுகளுக்கான) விளக்கத்தை ரெயில்ஸின் ஏபிஐ ஆவணத்தில் தேடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. எவ்வளவு தேடினாலும் அந்தப் பெயர்கள் அங்கே கிடைக்காது. ஏனெனில் எந்த முகவரி எங்கே செல்ல வேண்டும் என்று சொல்லும் உங்கள் ரூட்ஸ் கோப்பில் எழுதியிருப்பதைப் படித்து, உங்கள் செயலிக்கென்றே ரெயில்ஸ் அவற்றை உருவாக்கிக்கொள்கிறது. ஆகவே எந்த ஹெல்பர் இருக்கிறது, அது என்ன கேட்கிறது என்பதை அந்தச் செயலியிடமே கேட்க வேண்டும். டெர்மினலில் 'ரெயில்ஸ் ரூட்ஸ்' கட்டளையை இயக்கினால் முழுப் பட்டியலும் வரும். ரெயில்ஸ் கன்சோலில் 'ஆப்' என்று தட்டி, புள்ளி வைத்து ஹெல்பரின் பெயரைக் கொடுத்தால், அது தரும் முகவரியையே கண்ணால் பார்த்துவிடலாம்.

அந்தப் பட்டியலைத் தவறாகப் படிப்பவர்களும் உண்டு. பேட்ச், புட், டெலீட் ஆகிய எச்டிடிபி வினைச்சொற்களின் (கோரிக்கை வகைகளின்) வரிகளில் பெயருக்கான பத்தி வெறுமையாக இருப்பதைப் பார்த்து, அவற்றுக்கு ஹெல்பரே இல்லை என்று எண்ணி, 'டெஸ்ட்ராய்_போஸ்ட்_பாத்' என்று ஒன்றைத் தாமே ஊகித்து எழுதிப் பிழையில் சிக்குகிறார்கள். வெற்றிடத்துக்கு, மேலே உள்ள பெயரே இங்கும் பொருந்தும் என்பதுதான் பொருள். ஹெல்பர் முகவரியை மட்டுமே தருகிறது. அழிப்பதா, திருத்துவதா என்பதை எச்டிடிபி வினைச்சொல் தீர்மானிக்கிறது. ஒருமையும் பன்மையும் ஒன்றாகவே உள்ள 'நியூஸ்' போன்ற சொல்லை ரிசோர்ஸாக (ரூட்ஸ் கோப்பில் அறிவிக்கும் தரவு வகையாக) வைத்தால், பட்டியல் பக்கத்துக்கு 'நியூஸ்_இன்டெக்ஸ்_பாத்' என்ற பெயர் அமையும் என்பதும் ஊகத்துக்கு எளிதில் எட்டாதது.

எல்லாவற்றிலும் அதிக நேரத்தை விழுங்குவது, என் கணிப்பில், ஒருமை ரிசோர்ஸ்தான். 'ரிசோர்ஸ் ப்ரொஃபைல்' என்று அறிவித்த ரூட்டின் முகவரியில் ஐடிக்கு இடமே இல்லை; ஆனால் முகவரியின் கடைசியில் ஃபார்மட்டுக்கான (எச்டிஎம்எல், ஜேசன் போன்ற வடிவத்துக்கான) ஒரு விருப்பப் பகுதி இருக்கிறது. பழக்கத்தில் 'ப்ரொஃபைல்_பாத்' ஹெல்பருக்கு 7 என்ற ஐடி கொண்ட பொருளைக் கொடுத்துவிட்டால், ரெயில்ஸ் எந்தப் பிழையும் காட்டாமல் அந்த 7-ஐ ஃபார்மட்டின் இடத்தில் பொருத்தி, '/ப்ரொஃபைல்.7' என்ற முகவரியைத் தந்துவிடும். சிக்கல் அடுத்த கோரிக்கையில், தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் ஃபார்மட் பிழையாக வெளிப்படுவதால், தேடுபவர் கோரிக்கையைக் கையாளும் கன்ட்ரோலரைத் துருவிக்கொண்டிருப்பார். முகவரியில் எண்ணுக்கு முன் புள்ளி தென்பட்டால் உடனே ரூட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். படிவம் அமைக்கும் 'ஃபார்ம்_வித்' ஹெல்பரிடம் மாடலை (தரவுப் பொருளை) மட்டும் கொடுத்தாலும் இதே குழப்பம் எழும். புதிய பதிவாக இருந்தால் அது 'ப்ரொஃபைல்ஸ்_பாத்' என்ற இல்லாத ஹெல்பரைத் தேடும். படிவத்துக்கு யூஆர்எல்லை வெளிப்படையாகக் கொடுப்பது போதுமான தீர்வு, ரெயில்ஸ் 5.1 முதல் ரூட்ஸ் கோப்பிலேயே 'ரிசால்வ்' என்று எழுதியும் இதைச் சரிசெய்யலாம்.

இன்னொன்று, தற்செயலாக வேலை செய்யும் குறிமுறை. ஒரு பதிவின் பக்கத்தில் 'எடிட்_போஸ்ட்_பாத்' என்று ஆர்கியூமென்ட் (அடைப்புக்குறிக்குள் கொடுக்கும் மதிப்பு) இன்றி எழுதினாலும் சரியான இணைப்பு வரும்; விடுபட்ட ஐடியை ரெயில்ஸ் நடப்புக் கோரிக்கையிலிருந்து எடுத்துக்கொள்வதே காரணம். அந்த வரி உள்ள பார்ஷியலை (பல பக்கங்களில் பயன்படும் பக்கத் துண்டை) பட்டியல் பக்கத்தில் சேர்த்ததும், தேவையான ஐடி இல்லை என்ற பிழையோடு பக்கம் நின்றுவிடும். 'யூஆர்எல்_ஃபார்' ஹெல்பருக்கு ஆக்ஷனை (கன்ட்ரோலரில் உள்ள செயலை) மட்டும் கொடுத்து, கன்ட்ரோலரைக் குறிப்பிடாமல் விடுவதும் இவ்வகையே. எந்தப் பக்கத்தில் அழைத்தாலும் ஒரே விடை வர வேண்டுமென்றால், தேவையானவற்றை எப்போதும் நீங்களே கொடுங்கள்.

'பாத்' என்று முடிபவை தளத்துக்குள்ளான பாதையை மட்டும் தரும். 'யூஆர்எல்' என்று முடிபவை புரோட்டோகால், ஹோஸ்ட் இரண்டையும் சேர்த்துத் தரும். மின்னஞ்சலில் வைக்கும் இணைப்புக்கு இரண்டாவதே வேண்டும். மின்னஞ்சலை அனுப்பும் மெயிலருக்கு நடப்புக் கோரிக்கை என்று எதுவும் இல்லாததால் ஹோஸ்ட்டைத் தானாக அறிய அதற்கு வழியில்லை. டெவலப்மென்ட், டெஸ்ட், புரொடக்ஷன் என ஒவ்வொரு சூழலின் அமைப்புக் கோப்பிலும், ஆக்ஷன் மெயிலருக்குரிய 'டிஃபால்ட்_யூஆர்எல்_ஆப்ஷன்ஸ்' அமைப்பில் ஹோஸ்ட்டைத் தனித்தனியே குறிப்பிட வேண்டும்.