எம்ஜிபி காருக்கு முன் கண்ணாடிச் சட்டம் மாட்டிய அனுபவம்

என்னுடைய 1972 எம்ஜிபி ரோட்ஸ்டரின் (கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் கார்) முன் கண்ணாடிச் சட்டம் மூலையில் அரித்துப்போயிருந்தது. அலுமினியத்துக்குள் இரும்பு ஸ்க்ரூ ஐம்பது வருடம் இருந்தால் அப்படித்தான் ஆகும். மாற்றுச் சட்டம் வாங்கி, அதில் கண்ணாடியைப் பொருத்தி, சட்டத்தின் இரு பக்கத் தூண்களின் கால்களையும் பாடிக்குள் இறக்கினேன். போல்ட் ஓட்டைகள் சேரவே இல்லை. அரை அங்குலம் மேலேயே நின்றது.

காரணம், சட்டத்துக்கு அடியில் வரும் புது ரப்பர். பழையது நசுங்கிப் பழகியது, புதியது கல் மாதிரி. அதைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி மாட்டினேன். அப்புறம் நண்பர் இரண்டு தூண்களின் தலையிலும் கை வைத்து அழுத்தினார். நடுவில் அழுத்தவே கூடாது, கண்ணாடி விரிசல் விட்டுவிடும். நான் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு, மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை ஓட்டைக்குள் விட்டு நெம்பி, பக்கத்துக்கு ஒரு போல்ட்டைப் பிடிக்க வைத்தேன். அந்த மரை பிடித்த நிமிடம் எவ்வளவு நிம்மதி!

உடனே இறுக்கவில்லை. கதவுகளைச் சாத்தி, கதவின் முன்பக்கம் இருக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடியின் ரப்பர் தூணோடு ஒரே சாய்வில் சேர்கிறதா என்று பார்த்தேன். இடது பக்கம் இடைவெளி தெரிந்தது. இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடு ஒன்றைத் தூணுக்கும் பாடிக்கும் நடுவே கூடுதலாகச் செருகியதும் சரியாக உட்கார்ந்தது. சட்டத்தின் மேல்பகுதியைக் கீழே பாடியோடு இணைக்கும் நடுக் கம்பியைக் கடைசியில், லேசாகத்தான் முடுக்கினேன்.