குப்பை பொறுக்கும் விளையாட்டில் நான் செய்த தவறுகள்

கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு ஒரு ஞாயிறு காலை தெருப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் போட்டி வைத்தேன். அரை மணி நேரத்தில் யார் அதிகக் குப்பை பொறுக்குகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், ஒரு பையன் படகு மறைவில் உட்கார்ந்து ஒரே கேரி பேக்கை நாலாகக் கிழித்துக்கொண்டிருந்தான். “நாலு பீஸ் ஆச்சுல்ல மாமா?”

அவன் மேல் தப்பில்லை. எதற்குப் புள்ளி கொடுக்கிறோமோ அதைத்தானே பிள்ளைகள் செய்வார்கள்! அடுத்த முறை விதியை மாற்றினேன்: பொறுக்கியதில் எது நம் வீட்டிலும் கிடக்கிறது, அதற்குப் பதில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் புள்ளி. கிழிக்க வேண்டிய வேலையே இல்லாமல் போனது.

பரிசிலும் கோட்டை விட்டிருந்தேன். பாலித்தீன் உறை போட்ட பிளாஸ்டிக் பொம்மை! அது ஒருபுறம் இருக்க, பரிசை முன்கூட்டியே சொல்வதும் சிக்கல்தான். 1973-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி வரைய வைத்த மழலையர் பள்ளிப் பிள்ளைகள், பிறகு தாமாக வரைவது குறைந்துவிட்டது. முன்பே சொல்லாமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளிடம் அப்படிக் குறையவில்லை. ஆட்டம் முடிந்தபின் ஆளுக்கொரு கடலை மிட்டாய் போதும்.

‘குப்பை போட்டாய், பாம்பு கடித்தது’ என்று பரமபதம் வரைந்து தருவார்கள். இறங்குவதும் ஏறுவதும் தாயக்கட்டை செய்கிற வேலை. பிள்ளை யோசிக்க அதில் ஒன்றுமில்லை. பாம்புக் கட்டத்தில் இரண்டு வழி கொடுத்து, எது வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள்.

எங்கோ இருக்கும் பனிக்கரடியை விடுங்கள், நம் கரைக்கே பங்குனி ஆமை என்ற கடலாமை ஜனவரியிலிருந்து முட்டையிட வருகிறது. குஞ்சுகள் கடல் பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நகரும். தெருவிளக்கு எரிந்தால் திசை மாறிக் கரைக்கே திரும்பும். இதையே விளையாட்டாக்கலாம்: இருட்டிய மொட்டை மாடியில் ஒரு மூலையில் மங்கலாக ஒரு விளக்கு, அதுதான் கடல். எதிர் மூலையில் பளிச்சென்று ஒரு டார்ச், அது தெருவிளக்கு. ஆமைக் குஞ்சுகளாகத் தவழ்ந்து வரும் பிள்ளைகள் டார்ச் பக்கம் திரும்பியதும், யாராவது ஓடிப்போய் அதை அணைக்க வேண்டும். எங்கள் தெருவில் அணைப்பதற்குத்தான் அடிதடி.

அப்புறம் வீட்டு விஷயம். கேரி பேக்குக்கு 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடை. அந்த முதல் ஞாயிறு திரும்பி வரும் வழியில் நான் சங்கரா மீன் வாங்கினேன், கறுப்புக் கேரி பேக்கில். அதே பையன் பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“இதைக் கிழிச்சா எத்தனை பீஸ் வரும் மாமா?”