நரகத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது: ஓய்வுநாள் பள்ளி டீச்சர் ஒருத்தியின் குறிப்பு

ஏப்ரல் பிறந்தால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி வேலை தொடங்கிவிடும். வகுப்பெடுக்க வருகிறவர்களில் காலேஜ் படிக்கிற பிள்ளைகள்தான் அதிகம். வந்ததும் பாட்டு என்ன, கிராஃப்ட் என்ன என்று கேட்பார்கள். பாவத்தைப் பற்றிய பாடம் வருகிற நாளில்தான் ஒவ்வொருவராக என்னிடம் ஒதுங்குவார்கள்: "டீச்சர், நரகத்தை எவ்வளவு சொல்லணும்?"

இருபத்து மூன்று வருடமாகத் தேரி என்கிற செம்மணல் மேட்டு ஓரத்து ஊர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். முதல் நாலைந்து வருடம் தப்பாகத்தான் சொன்னேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அன்று வேப்பமரத்தடியில் பதினேழு பிள்ளைகள். கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். ஏற்றி நடுவில் வைத்து, "யார் விரலை ரொம்ப நேரம் பிடிப்பா, பார்ப்போம்" என்றேன். எட்டு வயதுப் பையன் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தான். இழுத்துக்கொண்டதும் நான் சொன்னேன்: "இந்தச் சின்னச் சுடரையே தாங்க முடியலையே, நித்திய அக்கினியை எப்படிடா தாங்குவே?" அப்புறம் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். பதினேழு கையும் உயர்ந்தது. ரிப்போர்ட்டில் பதினேழு என்று எழுதினேன். சந்தோஷமாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை அந்தப் பையனின் அம்மா வந்தாள். "டீச்சர், பிள்ள ராத்திரி தூங்க மாட்டேங்கான். அடுப்ப அணைச்சிட்டியா, அணைச்சிட்டியான்னு மூணு தடவ கேக்கான்." பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து விசாரித்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தான். "கை தூக்கும்போது நான் கண்ணைத் திறந்துட்டேன் டீச்சர். அது செல்லுமா?"

மூன்று நாளாக அவனை அரித்தது அதுதான். இயேசு யார், என்ன செய்தார் என்று எதுவும் அவனுக்குள் போகவில்லை. தப்பிக்கிற சீட்டு தன்னிடம் இருக்கிறதா, அது செல்லுபடியாகுமா என்ற கவலை மட்டும்தான் போயிருந்தது. ஆக, முதல் விஷயம்: மெழுகுவர்த்தி, தீக்குச்சி, யூடியூபில் வருகிற அலறல் சத்தம் எதுவும் வேண்டாம். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாடம் மறந்துபோகும், சூடு மறக்காது.

வெறும் நிறப் பக்கங்களை வைத்தே சுவிசேஷம் சொல்கிற எழுத்தில்லாப் புத்தகத்தைப் பயன்படுத்துகிறவர்கள், பாவத்தைக் காட்டுகிற கருப்புப் பக்கத்தில் நிதானமாக இருங்கள். நான் பார்த்த வகுப்புகளில் அந்தப் பக்கத்துக்குப் பத்து நிமிஷம், பரலோகத்தைக் காட்டுகிற பொன் பக்கத்துக்கு ஒரு நிமிஷம். ஸ்பர்ஜன் என்கிற போதகர் 1866இல் லண்டனில் இதைப் பற்றிப் பிரசங்கித்தபோது கருப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்றே பக்கம். பொன் பக்கம் 1875இல் டி.எல். மூடி என்கிற அமெரிக்கப் பிரசங்கியார் சேர்த்தது. பச்சை அதற்கும் பிறகு. ஸ்பர்ஜன் சொன்ன கதையில் வயதான போதகர் ஒருவர் அந்தக் கருப்புத் தாளை அடிக்கடி எடுத்துப் பார்ப்பாராம், தன் பாவத்தைத் தானே நினைத்துக்கொள்ள. அடுத்தவர் பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டுவதற்கு இல்லை.

அதற்காக நரகத்தையே விட்டுவிடச் சொல்லவில்லை. விட்டால் அது வேறு பொய். அந்த வார்த்தையைச் சுவிசேஷங்களில் அதிகமாகச் சொன்னவரே இயேசுதான். யாரிடம், எதற்குச் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள், அவ்வளவுதான். மாற்கு 9ஐ எடுத்து வாசியுங்கள். புழு சாவாமலும் அக்கினி அவியாமலும் இருக்கும் என்கிற வசனத்துக்குச் சற்று மேலே 42ஆம் வசனத்தில் என்ன இருக்கிறது? சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் மாவரைக்கிற ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுவது அவனுக்கு நலம் என்று இருக்கிறது. அதாவது, அந்த அக்கினி வசனம் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னதே இல்லை. பிள்ளைகளைக் கையில் வைத்திருக்கிற நம்மைப் பார்த்துச் சொன்னது. இதைப் படித்த அன்று எனக்கு வியர்த்துவிட்டது. லூக்கா 16இல் வேதனைப்படுகிறவனும் வாசலில் கிடந்த ஏழை லாசருவைக் கண்டுகொள்ளாத ஐசுவரியவான்தான்.

மேல்வகுப்புப் பிள்ளைகள் என்றால் இன்னோம் பள்ளத்தாக்கைச் சொல்லலாம். எருசலேமுக்குத் தெற்கே இருக்கிற நிஜமான இடம். நரகம் என்று நம் வேதத்தில் வருகிற பல இடங்களில் மூலத்தில் இருப்பது அந்தப் பள்ளத்தாக்கின் பெயர்தான். அங்கே ஜனங்கள் தங்கள் பிள்ளைகளையே அக்கினியில் தகனித்தார்கள். எரேமியா 7:31இல் கர்த்தர் அதை நான் கட்டளையிடவில்லை, என் மனதில் தோன்றவும் இல்லை என்கிறார். இதை நான் மேப் வரைந்து சொல்வேன். பெரிய பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். பயந்துபோன அமைதி வேறு, யோசிக்கிற அமைதி வேறு. இரண்டு வருடம் வகுப்பெடுத்தால் உங்களுக்கே பிரித்துப் பார்க்க வரும்.

மத்தேயு 10:28ஐ மனப்பாடம் கொடுத்தால் அங்கே நிறுத்தாதீர்கள். ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவருக்கே பயப்படுங்கள் என்று முடித்து வீட்டுக்கு அனுப்புவது அரை வசனம் கொடுப்பது மாதிரி. அடுத்த மூச்சில் அடைக்கலான் குருவி வருகிறது. தலையிலுள்ள மயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்று வருகிறது. "ஆதலால், பயப்படாதிருங்கள்" என்று 31இல்தான் முடிகிறது. நாலு வசனத்தையும் சேர்த்தே படிக்க வையுங்கள்.

கமிட்டியில் இருக்கிற பெரியவர் யாராவது கட்டாயம் கேட்பார்: "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்னு எழுதியிருக்கே?" சண்டை போடாதீர்கள். ஆமா அண்ணாச்சி, ஆரம்பம்னுதான் எழுதியிருக்கு என்று சொல்லுங்கள். அவர் சிரித்துவிட்டால் 1 யோவான் 4:18ஐ எடுத்துக் காட்டுங்கள்: "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்." பயத்தில் வந்தவர்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எங்கள் அப்பாவே ஒரு கன்வென்ஷனில் நரகப் பிரசங்கம் கேட்டு நடுங்கிக் குடியை விட்டவர். ஆனால் நாற்பது வருடம் அவரை விடியற்காலையில் எழுப்பி ஜெபிக்க வைத்தது அந்த நடுக்கம் இல்லை. பக்கத்து வீட்டு ஆர்.சி. அக்காவிடம் இதைச் சொன்னபோது, எங்க பாவசங்கீர்த்தனப் பாடத்திலேயே இது இருக்கே என்றார். நரகத்துக்குப் பயந்து வருத்தப்படுவது ஒன்று, கடவுளை நேசித்து வருத்தப்படுவது ஒன்று. இரண்டாவதுதான் உத்தம மனஸ்தாபம். முதலாவதையும் தள்ளிவிடக்கூடாது என்று 1551இலேயே கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இனி, கஷ்டமான கேள்வி. எந்த வருடமும் தப்பாமல் வரும். "எங்க தாத்தா சாமி கும்பிடுறவரு. செத்துப்போயிட்டாரு. அவரு எங்க டீச்சர் இருக்காரு?" நம் ஊரில் பாதிக் குடும்பத்தில் அம்மாவழி ஒரு மதம், அப்பாவழி ஒரு மதம். இந்த இடத்தில் வேதபாடம் எடுக்காதீர்கள். பிள்ளை கேட்பது தத்துவம் இல்லை, தாத்தாவை. முதலில் தாத்தாவைப் பற்றிக் கேளுங்கள். என்ன வாங்கித் தருவார், எங்கே கூட்டிப்போவார் என்று கேளுங்கள். அப்புறம் தீர்ப்பு சொல்கிற வேலை டீச்சருக்கு இல்லை என்று நேராகவே சொல்லுங்கள். நான் ஆபிரகாம் கர்த்தரிடமே கேட்ட கேள்வியைச் சொல்வேன்: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ." பிள்ளைக்கு முழுசாகப் புரியாது. டீச்சர் தாத்தாவைத் திட்டவில்லை என்பது புரியும்.

இந்தப் பாடத்தைக் கடைசி வகுப்பாக வைக்காதீர்கள். நடுவில் வையுங்கள். பின்னாலேயே விளையாட்டு, ரஸ்னா, முறுக்கு இருக்கட்டும். எந்தப் பிள்ளையும் அந்த நினைப்போடு தனியாக வீட்டுக்கு நடக்கக்கூடாது.

கை உயர்த்தச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். கேட்க விரும்புகிற பிள்ளை டிபன் நேரத்தில் தானாக வரும், கண்ணைத் திறந்துகொண்டே பேசும். வி.பி.எஸ். ரிப்போர்ட்டில் எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு கோடு இழுத்துவிட்டு, ஜூன் மாதம் பள்ளி திறந்தபிறகும் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களின் எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன். ஆபீசிலிருந்து இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை அனுப்பவில்லை. அந்தப் பையன் இப்போது கீபோர்டு வாசிக்கிறான். ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்து யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பான். நானும் பார்ப்பேன்.