பனியன் கம்பெனியில் சுழற்சிப் பொருளாதாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழிவை எறியாமல் மறுபடி பொருளாக்கும் சுழற்சிப் பொருளாதாரம் என்ற சொல் காதில் விழுவதற்கு முன்பே திருப்பூர் வட்டாரத்தில் பனியன் வேஸ்டை வாங்கிப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) முறையில் நூற்கும் மில்லில் நூலாக்கி விற்றுவந்தார்கள். தொழில் தெரிந்த ஊர்தான். ஆனாலும் பையர் (ஆடை வாங்கும் நிறுவனம்) கேட்கிறார் என்று அவசரமாக இதில் இறங்கும் கம்பெனிகள் சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன.

முதலாவது, வேஸ்ட் விழுந்த பிறகு அதை என்ன செய்யலாம் என்று யோசிப்பது. மார்க்கர் என்பது துணியில் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்று காட்டும் வரைபடம். அதன் எஃபிஷியன்சி, அதாவது துணியில் ஆடைக்குப் பயன்படும் பங்கு, 82% என்றால் 100 கிலோ துணியில் 18 கிலோ மேசையிலேயே போகிறது. அதை 85% ஆக்கினால் மிச்சமாகும் 3 கிலோவில் நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி மூன்றும் இருக்கின்றன. அதே 3 கிலோவை வேஸ்டாக விற்றால் அதில் ஒரு சிறு பங்குகூடத் திரும்பாது. வெட்டுவதற்காக அடுக்கி விரித்த துணியின் (லே) முனைகளில் பக்கத்துக்கு 3 செ.மீ. விட்டு 100 அடுக்கு விரித்தால் 6 மீட்டர் துணி காலி. 2 செ.மீ. விட்டால் 4 மீட்டர். ரோலுக்கு ரோல் துணி அகலம் மாறும் என்பதால், விரிப்பதற்கு முன் அளந்து, ஒரே அகலமுள்ள ரோல்களை ஒன்றாகச் சேர்த்து, அந்த அகலத்துக்கே மார்க்கர் போட வேண்டும். மறுசுழற்சியைப் பற்றிப் பேசுவதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுத்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு: எல்லா வேஸ்டையும் ஒரே மூட்டையில் கட்டுவது. வெள்ளை, வெளிர் நிறம், அடர் நிறம், மெலாஞ்ச் (பல நிற இழை கலந்தது) எனப் பிரித்து வைத்தால், அதிலிருந்து வரும் நூலுக்கு மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. துணியின் நிறமே நூலின் நிறம். கலந்துவிட்டால் கிடைப்பது மங்கிய சாம்பல் நூல். அதற்கும் தேறாத மூட்டை மெஷின் துடைக்கத்தான் போகும். லைக்ரா (இழுபடும் செயற்கை இழை) சேர்ந்த துணி இன்னும் மோசம். பஞ்சு பிரிக்கும் மெஷினின் முட்களில் லைக்ரா ரப்பர்போல இழுபட்டு, பருத்தி இழையையும் சுற்றிக்கொண்டு முடிச்சாகிவிடும். நூல் அங்கங்கே அறுந்துகொண்டே இருக்கும். பிரின்ட் போட்ட துண்டிலுள்ள ரப்பர் பசையும் இப்படித்தான் படுத்தும். ஊசித் துண்டோ பின்னோ உள்ளே போனால் முட்களில் உரசிப் பொறி பறக்கும். பஞ்சு கிடக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். அதனால் பிரிக்கும் வேலை கட்டிங் மேசைக்கு அடியிலேயே நடக்க வேண்டும். மேசைக்கு ஐந்தாறு பைகள், ஒவ்வொன்றிலும் நிறமும் துணி வகையும் எழுதிய சீட்டு, லே முடிந்ததும் எடை. பேப்பர், டேப், ஸ்டிக்கர் மூன்றுக்கும் தனிப் பை. குடோனுக்குப் போனபின் ஆள் வைத்துப் பிரிக்கலாம் என்று விட்டால், ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்துப் பார்த்து லைக்ரா உண்டா இல்லையா என்று சொல்வது எளிதல்ல.

மறுசுழற்சி நூலிடம் புது நூலின் வேலையை எதிர்பார்ப்பதும் தவறு. 28–30 மி.மீ. நீளமுள்ள பருத்தி இழை, துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும்போது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். 10, 20 ஆகிய நம்பர் (கவுன்ட்) தடித்த நூல்களுக்கு அது தாங்கும். மெல்லிய நூல் வேண்டுமானால் புதுப் பஞ்சைச் சேர்க்க வேண்டும். பலத்துக்காகப் பாலியஸ்டரைக் கலப்பது வழக்கம். ஆனால் அந்தத் துணி அடுத்த முறை வேஸ்டாகும்போது பஞ்சு பிரிக்கும் மெஷினில் பருத்தியைத் தனியாகப் பிரிக்க முடியாமல் போகும். எந்த ஸ்டைலுக்குக் கலப்பு அவசியம், எதற்கு அவசியமில்லை என்பதை ஆர்டர் பேசும்போதே முடிவு செய்வது நல்லது.

சான்றிதழ் வேலையைச் சரக்கு அனுப்பும் வாரத்தில் தொடங்காதீர்கள். ஜி.ஆர்.எஸ். (குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்ட்) என்ற மறுசுழற்சித் தரத்துக்குக் குறைந்தது 20% மறுசுழற்சிப் பொருள் வேண்டும். ஆடையில் அந்த லேபிளைப் போட 50%. வேஸ்டை நூலாக்கும் மில்லுக்கும் சான்றிதழ் இருக்க வேண்டும். எவ்வளவு வேஸ்ட் எங்கிருந்து வந்தது என்று காட்ட, மேசையில் போட்ட எடைச் சீட்டுகள் இங்கேதான் கைகொடுக்கும்.

கடைசியாக, துணியை மட்டும் பார்த்துவிட்டுத் தண்ணீரையும் உப்பையும் சாயப்பட்டறைக்காரர் பாடு என்று விடுவது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இந்த ஊர் மறக்கக்கூடாத விஷயம். அடர் நிறச் சாயம் துணியில் ஏற லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் உப்பு என்று வையுங்கள். துணிக்கும் தண்ணீருக்கும் 1:6 என்ற விகிதத்தில் ஓட்டினால் 100 கிலோ துணிக்கு 48 கிலோ உப்பு, 1:10 என்றால் 80 கிலோ. கழிவுநீரை ஆர்.ஓ. சுத்திகரிப்பு மெஷினில் விட்டுத் தண்ணீரைத் திரும்ப எடுத்தாலும் இந்த உப்பு எங்கேயும் போய்விடாது. சாயத்துக்குப் போடும் இரண்டு உப்புகளில் சோடியம் சல்பேட் மட்டும் இருந்தால், குளிரவைத்ததும் படிகமாகத் திரண்டுவிடும். எடுத்து மறுபடி சாயத் தொட்டியில் போடலாம். சாதாரண உப்பு குளிரிலும் கரைந்தே இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் கடைசியில் மிஞ்சுவது யாருக்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டைகள். மழை படாமல் அடுக்கிக் காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். உங்கள் சாயப்பட்டறை எந்த உப்பு போடுகிறது, அது சேர்ந்திருக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எந்த உப்பை மீட்கிறது என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், அந்த உப்பின் பெயரையும் தண்ணீர் விகிதத்தையும் ஜாப் ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள்.