டிசைன் பேட்டர்னை எந்தக் கட்டத்தில் கொண்டுவருவது?

நிரல் எழுதும்போது அடிக்கடி வரும் சிக்கல்களுக்குப் பலரும் கையாண்டு தேறிய தீர்வு வடிவங்களையே டிசைன் பேட்டர்ன் என்கிறோம். இணையக் கடை ஒன்றுக்கு டெலிவரி கட்டணம் கணக்கிடும் நிரலை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூருக்கு 40 ரூபாய், வெளியூருக்கு 80 ரூபாய் என்று இரண்டே விதிகள் இருக்கும்வரை ஒரு ஃபங்ஷனும் அதற்குள் ஓர் இஃப்-எல்ஸும் போதும். இதே அளவு வேலைக்கு ஓர் இன்டர்ஃபேஸ், இரண்டு கிளாஸ், அவற்றை உருவாக்க ஒரு ஃபாக்டரி என்று நான்கு கோப்புகளை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். கட்டணத்தை 5 ரூபாய் உயர்த்த வந்த புதியவர், அந்த எண் எங்கே இருக்கிறது என்று தேடியே அரை நாளைக் கழித்தார்.

எடைக்கேற்ற கட்டணம் என்று மூன்றாவது விதி வரும்போதுதான் நிரலைச் சீரமைக்க வேண்டும். அதற்கு முன், இப்போதைய விடைகளைச் சரிபார்க்கும் டெஸ்ட்களை எழுதிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு விதியையும் தனி ஃபங்ஷனாகப் பிரித்து, மூன்றையும், வகையின் பெயரைச் சொன்னால் உரிய ஃபங்ஷனை எடுத்துத் தரும் ஒரே டிக்‌ஷனரியில் சேர்த்தால், அழைக்கும் இடத்தில் ஒரு வரிதான் மிஞ்சும்:

விதிகள்[வகை](எடை)

(பைத்தான் 3இல் பெயர்களை இப்படித் தமிழிலேயே வைக்கலாம்.) இதுவும் ஸ்ட்ராட்டஜி பேட்டர்ன்தான் (ஒரே வேலைக்கான பல வழிகளைத் தனித்தனியாக வைத்து, வேண்டியதைத் தேர்ந்தெடுப்பது), கிளாஸ் என்ற சட்டை மட்டும் இல்லை. காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசைட்ஸ் ஆகிய நால்வர் 1994இல் ஒரு நூலாகத் தொகுத்த 23 பேட்டர்ன்களில் 16, லிஸ்ப் போன்ற மொழிகளில் எளிமையாகிவிடுகின்றன அல்லது கண்ணுக்கே தெரியாமல் போகின்றன என்று கணினி அறிவியலாளர் பீட்டர் நார்விக் 1996இலேயே காட்டினார். ஜாவாவிலும், 2014இல் வெளியான 8ஆம் பதிப்பில் லாம்ப்டா (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) வந்தபின், ஸ்ட்ராட்டஜிக்கெனத் தனித்தனி கிளாஸ் எழுதும் தேவை பெரிதும் குறைந்துவிட்டது.

ஒரு விதி தனக்கென நிலையை வைத்துக்கொள்ளத் தொடங்கினால், உதாரணமாகக் கூரியர் நிறுவனத்தின் ஏபிஐயிலிருந்து (மற்ற நிரல்கள் அணுகுவதற்கான வாயில்) கட்டணத்தைப் பெற்று ஒரு மணி நேரம் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்திருக்க வேண்டியிருந்தால், அந்த விதியை மட்டும் கிளாஸாக மாற்றுங்கள். மற்றவை ஃபங்ஷனாகவே இருக்கட்டும். சீராகத் தெரிய வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் மாற்றுவது வீண்வேலை.

மூன்று வரும்வரை பொறுத்திருப்பதற்கு ஒரு விலக்கு உண்டு. பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணம் பெற்றுத்தரும் சேவை) போன்ற வெளிச்சேவை ஒன்றே ஒன்றுதான் என்றாலும், அதை முதல் நாளிலேயே ஓர் அடாப்டருக்குள் (உங்கள் நிரலுக்கும் அந்தச் சேவைக்கும் இடையே நிற்கும் உறை) வைத்துவிடுங்கள். அதன் ஏபிஐ எப்போது மாறும் என்பது உங்கள் கையில் இல்லை. தவிர, டெஸ்ட் ஓடும்போது உண்மையான கேட்வேக்குப் பதில் போலி ஒன்றைச் செருகவும் அந்த அடாப்டர்தான் இடம்கொடுக்கும்.